வெளிநாட்டுக் கண்காட்சிக்குக் கூட்டு வேலை: கையெழுத்துப் போட முன்

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி நீளமாக எழுதிக் கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படித்து முடித்தவர், இப்போது ஊரில் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கிறார். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு கலைஞர் அவருடைய ஊரில் பனையோலை இழைக்கும் எட்டுப் பெண்களைப் பார்த்திருக்கிறார். அவர்களைக் கொண்டு ஆள் உயரத்துக்கு ஓலையால் ஒரு பங்கர், அதாவது பதுங்குகுழி, இழைப்பித்து, உள்ளே முள்ளிவாய்க்கால் மண்ணைப் பரப்பி, ஜேர்மனியில் நடக்கும் ஒரு சர்வதேசக் கண்காட்சியில் வைக்கவேண்டும் என்பது அந்தக் கலைஞரின் எண்ணம். பெண்களுக்கு நாட்கூலி. தங்கச்சிக்கு 'ஒருங்கிணைப்பாளர்' என்று பெயர். "இது எனக்கு வாய்ப்பா, இல்லாட்டில் எங்களைப் பாவிக்கிறார்களா? மறுத்தால் திமிர் என்று நினைப்பார்களா? இந்தக் கண்காட்சிகள் எல்லாம் எப்படித்தான் நடக்கின்றன?" இதுதான் கேள்வி.

மறுக்க வேண்டாம் தங்கச்சி. ஆனால் இப்போது அவர் போட்டிருக்கும் கணக்குக்கு ஓம் சொல்லவும் வேண்டாம். ஊருக்குள்ளே ஒருவர் அரைப்பங்குக்கு வயல் செய்ய வந்தால் என்னவெல்லாம் கேட்போம்? விதைநெல் யாருடையது, உழவுகூலி யார் தலையில், வைக்கோல் யாருக்கு, மழை பொய்த்தால் நட்டம் யாருக்கு. கலையில் பங்கு என்று வந்ததும் இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். நானும் கூச்சப்பட்டவன்தான், அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கண்காட்சிகள். பினாலே என்ற இத்தாலியச் சொல்லுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடப்பது என்பதுதான் பொருள், அதற்கு மேல் மந்திரம் ஒன்றுமில்லை. வெனிஸில் 1895இல் தொடங்கியதுதான் மூத்தது. 1907இல் பெல்ஜியம் அங்கே ஒரு பூங்காவில் தனக்கென ஒரு கட்டடம் கட்டியது. பிறகு மற்ற நாடுகளும் வரிசையாகக் கட்ட, இன்று அந்தப் பூங்காவில் முப்பதை ஒட்டிய நாட்டுக் கட்டடங்கள் நிற்கின்றன. இலங்கைக்கு அங்கே நிரந்தரக் கட்டடம் இல்லை. ஆனாலும் கொழும்பின் '43 குழு என்ற நவீன ஓவியர் குழுவைச் சேர்ந்த ஜஸ்டின் தெரணியகல 1956இலேயே வெனிஸில் யுனெஸ்கோ பரிசு பெற்றவர். எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் கியூரேட்டர், அதாவது கண்காட்சிக்குப் படைப்புகளைத் தெரிவு செய்கிறவர், ஒருவர் தேர்ந்து அழைத்துத்தான் போகிறார்கள். அரசாங்கம் அனுப்பிப் போவது குறைவு. அதனால்தான் யார் அழைக்கிறார், எந்தக் கதைக்குள் நம்மை வைக்கப்போகிறார் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

ஜேர்மனியில் பெரியது டொக்குமெண்டா. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து தரைமட்டமான காசல் என்ற நகரத்தில், இடிந்துபோன ஒரு அருங்காட்சியகக் கட்டடத்தை ஓரளவு சரிப்படுத்தி, ஆர்னோல்ட் போடே என்பவர் 1955இல் தொடங்கினார். இப்போது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 100 நாள் நடக்கிறது. கிளிநொச்சியில் தண்ணீர்த் தாங்கி விழுந்து கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொடக்கம் அந்நியமாகத் தெரியாது.

2022இல் அதை நடத்தியவர்கள் ஜகார்த்தாவின் ருவாங்ருப்பா என்ற கலைஞர் குழு. அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் 'லும்புங்': அறுவடையில் மிஞ்சியதை ஊருக்குப் பொதுவாகப் போட்டு வைக்கும் நெற்கூடு. எங்கள் கொம்பறை மாதிரி, ஆனால் இது பொதுக் கொம்பறை. காசு, இடம், நேரம் எல்லாவற்றையும் ஒரு பொதுக் கூட்டில் போட்டு எடுப்பது என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. அதே கண்காட்சியில்தான் இந்தோனேசியாவின் தாரிங் பாடி குழு 2002இல் வரைந்த ஒரு பெரிய துணிப் படத்தைத் திறந்த சில நாளிலேயே இறக்கவேண்டி வந்தது. அந்த நாட்டின் பழைய சர்வாதிகாரி சுகார்த்தோவின் ஆட்சியைச் சாடும் படம் அது. ஆனால் அதற்குள் யூதர்களை இழிவாகக் காட்டும் உருவங்கள் இருந்தன. ஜேர்மனியில் அது கொதித்தெழும் விசயம், எழவேண்டியதும்தான். ஒரு ஊரில் வரைந்தது இன்னொரு ஊர்ச் சுவரில் என்னவாக வாசிக்கப்படும் என்று அனுப்புகிறவர், அழைக்கிறவர் இரண்டு பக்கமும் முன்கூட்டியே இருந்து கதைக்காவிட்டால் இப்படித்தான் முடியும். உங்கள் பங்கருக்கும் இது பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. பினாலே என்ற பெயரை யாரும் வைக்கலாம், தடையில்லை. கலந்துகொள்ளக் கட்டணம், சுவருக்குக் கட்டணம், சான்றிதழுக்குக் கட்டணம் என்று கேட்கும் கண்காட்சிகள் நிறைய. கலைஞரிடம் காசு கேட்டு அழைக்கிற இடத்துக்குப் போகாதீர்கள். உங்களுடைய கலைஞர் சொல்லும் கண்காட்சி எது, அவருக்கு வந்த அழைப்புக் கடிதம் எங்கே என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

சரி, பெயருக்கு வருவோம். அலிகியேரோ போயெட்டி என்ற இத்தாலியக் கலைஞர் 1971இல் காபூலில் ஒரு வேலை தொடங்கினார். உலக வரைபடம், ஒவ்வொரு நாட்டின்மீதும் அதனுடைய கொடி, முழுவதும் கையால் தைத்த பூவேலை. தைத்தவர்கள் ஆப்கானியப் பெண்கள். அவர்களை அவர் நேரில் சந்திக்க வழியில்லை, இடையில் ஆட்கள் மூலமாகத்தான் துணியும் நூலும் போய்வந்தன. சோவியத் படை வந்த பிறகு பெண்கள் அகதிகளாகப் பெஷாவருக்குப் போனார்கள், வேலையும் அங்கே போனது. 1994இல் அவர் இறக்கும்வரை ஏறத்தாழ 150 வரைபடங்கள். ஒருமுறை வந்த துணியில் கடல் முழுக்க இளஞ்சிவப்பு. கடலைக் கண்டிராத அந்தப் பெண்களுக்கு அது நீலமாக இருக்கவேண்டும் என்று தோன்றவில்லை, கையில் நிறைய இருந்த நூலால் தைத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். போயெட்டி கோபிக்கவில்லை. அதற்குப் பிறகு கடலின் நிறத்தை அவர்களிடமே விட்டுவிட்டார்.

இந்தக் கதையைக் கேட்கும் யாருக்கும் அந்த மனிதனைப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த வரைபடங்கள் இன்று மில்லியன் டொலர் கணக்கில் ஏலம் போகின்றன. படைப்புக்குப் பக்கத்தில் ஒட்டும் சுவர்ச் சீட்டில் இருப்பது ஒரு பெயர். இளஞ்சிவப்புக் கடலைத் தைத்த பெண்ணின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். நிறத்தைத் தேர்ந்தவர், விரலால் செய்தவர், அந்த வேலைக்கு அழகு சேர்த்த தவற்றையும் செய்தவர் அந்தப் பெண். 'ஒருங்கிணைப்பாளர்' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. ஓலை எப்போது வெட்டுவது, எதை எப்படி வார்வது, எந்த இழைப்பு நிமிர்ந்து நிற்கும், எது சாயும் என்று தீர்மானிப்பது நீங்களும் அந்த எட்டுப் பேரும். தீர்மானிக்கிறவருக்குக் கலைஞர் என்றுதான் பெயர்.

எட்டுப் பெயரையும் எப்படிப் போடுவது என்று அவர் கேட்டால், ஒரு குழுப்பெயர் வையுங்கள். 2024 வெனிஸ் பினாலேயில் கலைஞர்களுக்கான தங்கச் சிங்கப் பரிசு வாங்கியது மதாஹோ என்ற குழு, நியூசிலாந்தின் மாவோரிப் பெண்கள் நால்வர். லொறியில் சாமான் கட்டும் பட்டிகளைக் கொண்டு மண்டபத்துக்கு மேலே ஒரு கூரை மாதிரிப் பின்னியிருந்தார்கள். அதன் பெயர் 'தகாபவ்', பிள்ளைப்பேறு போன்ற சடங்குகளுக்கு விரிக்கும் பாயின் பெயர். பாய் இழைப்பவர்கள் பாய்க்காரராகப் போகாமல் கலைஞராகப் போய்ப் பரிசு வாங்கியிருக்கிறார்கள். பன்பாய் இழைக்கும் ஊரில் இருந்துகொண்டு இதை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

இன்னொரு வகையும் இருக்கிறது, அது கொஞ்சம் சிக்கலானது. ஈழத்துப் பெற்றோருக்குப் பிறந்து லண்டனில் வளர்ந்த கிறிஸ்டோபர் குலேந்திரன் தோமஸ், போர் முடிந்த பிறகு கொழும்புக் கலைக்கூடங்களில் விற்பனைக்கு வந்த ஓவியங்களைக் காசு கொடுத்து வாங்கி, அவற்றைத் தன்னுடைய படைப்புக்குள் ஒரு பாகமாக வைத்து மேற்கில் காட்டினார். சட்டப்படி பிழையில்லை. கொழும்புச் சுவரில் ஒரு விலை, பெர்லின் சுவரில் இன்னொரு விலை என்ற பொறிமுறையையே படைப்பாக்கிக் காட்டுவதுதான் அவருடைய நோக்கம். கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் உள்ளே மாட்டப்பட்ட ஓவியத்தைக் கீறியவராக என்னை வைத்துப் பார்த்தால் எனக்கு நித்திரை வராது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பு விற்றுப்போன பிறகும் படைத்தவரின் பெயர் அதில் நிற்கும் உரிமையையும், அதைச் சிதைத்துப் பெயரைக் கெடுப்பதை எதிர்க்கும் உரிமையையும் தருகிறது. பதிப்புரிமை ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 70 வருடமும். கூட்டுப் படைப்பென்றால் கடைசியாக இறப்பவரிலிருந்து 70 வருடம். நாட்கூலிச் சீட்டில் கையெழுத்துப் போட முன், அது வெறும் கூலிச் சீட்டா, இந்த உரிமைகளையும் எழுதிக்கொடுக்கிற சீட்டா என்று ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

இனி மண். உங்கள் கலைஞர் கேட்பது நடக்காது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து மண் கொண்டுபோகத் தடை இருக்கிறது, பயிர்நோய்க் கிருமி வரும் என்பதற்காக. சாக்குப் பையில் கட்டி அனுப்பினால் சுங்கத்திலேயே அழித்துவிடுவார்கள். முள்ளிவாய்க்கால் மண்ணை ஒரு பிறநாட்டு விமான நிலையத்தின் கழிவுத் தொட்டியில் கொட்டுவதை நினைத்துப் பாருங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மண்ணில் இன்னும் யாருடைய எலும்பு கிடக்கிறது என்று தெரியாமல் எத்தனை தாய்மார் இருக்கிறார்கள்! அதை அள்ள அனுமதி கொடுப்பதற்கு நீங்களோ நானோ யார்? அந்தக் கலைஞருக்கு இது தெரியாமல் இருக்கலாம், கெட்ட மனம் என்று நினைக்கவேண்டாம். நீங்கள் சொன்னால்தான் தெரியும். கூட்டு வேலை என்றால் இந்தச் சொல்லுகையும் அதற்குள் சேர்த்திதான்.

மண் போகாமலே மண்ணால் வேலை செய்யலாம் என்பதற்குக் கொங்கோவில் ஒரு உதாரணம் உண்டு. லுசங்கா என்ற ஊர், யூனிலீவரின் பழைய பனையெண்ணெய்த் தோட்டப் பூமி. அங்கே தோட்டத் தொழிலாளர்கள் 2014இல் ஒரு கலைஞர் கூட்டமைப்புத் தொடங்கினார்கள். நெதர்லாந்துக் கலைஞர் ரென்ஸோ மார்டன்ஸ் கூட்டாளி. அவர்கள் ஆற்றங்கரைக் களிமண்ணால் சிலை செய்வார்கள். சிலை ஊரிலேயே இருக்கும். அதன் வடிவத்தை முப்பரிமாணத்தில் கணினிக்குள் பதிந்து அனுப்ப, அம்ஸ்ரடாமில் அது கொக்கோவிலும் சொக்கிலேற்றிலும் வார்க்கப்படும். தோட்டத்தில் எது விளைந்து கொம்பனிக்காரர் பணக்காரரானார்களோ அந்தப் பொருளாலேயே சிலை. விற்ற காசில் பறிபோன தோட்டக் காணிகளைத் துண்டு துண்டாகத் திரும்ப வாங்கி, உணவுப் பயிரும் மரமும் நடுகிறார்கள். 2024இல் வெனிஸில் நெதர்லாந்தின் கட்டடத்தை நிரப்பியது இவர்களுடைய படைப்புகள்தான். அதே கண்காட்சி அதே நேரத்தில் லுசங்காவிலும் நடந்தது. அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் இருந்த அவர்களுடைய மூதாதைச் சிலை ஒன்றும் அந்த மாதங்களுக்கு இரவலாக ஊருக்கு வந்து இருந்தது. மார்டன்ஸ்மீது விமர்சனம் நிறைய உண்டு, வெள்ளைக்காரர் ஒருவர் நடுவில் இருப்பதால் வரும் கேள்விகள் அவை, நியாயமானவை. ஆனாலும் காசு எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டால் காணி என்று கையால் காட்ட அங்கே ஒன்று இருக்கிறது. கேப்பாப்பிலவில் படையினர் பிடித்து வைத்திருந்த காணிக்காக றோட்டோரத்தில் இருந்த சனத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே அவரிடம் கேளுங்கள்: ஜேர்மனியில் திறக்கிற அன்றைக்குப் புதுக்குடியிருப்பில் என்ன திறக்கும்? இரண்டு இழைப்பு இழைத்து ஒன்று அங்கே, ஒன்று இங்கே ஒரு பொதுமண்டபத்தில் இருக்கட்டும். இழைத்தவர்களின் பிள்ளைகள் வந்து பார்க்கட்டும்.

பங்கர் பற்றி நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம். வன்னி என்றவுடன் வெளியிலிருந்து வருகிறவருக்கு 2009 மட்டும்தான் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் இங்கே குளமும் வயலும் பொங்கலும் வற்றாப்பளைக்குக் காவடியும் இருந்தன என்று யாரும் கேட்பதில்லை. பங்கர் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சேலையைக் கிழித்து மண்மூட்டை தைத்தவர்களுக்கு அதைச் செய்யும் உரிமை எல்லோரையும்விட அதிகம். ஆனால் எண்ணம் யாருடையது? அந்த எட்டுப் பேரில் ஒருவராவது, 'எனக்கு ஒரு பங்கர் இழைக்கவேண்டும் போல இருக்கிறது' என்று சொன்னாரா?

ஒரு பட்டறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். கிளிநொச்சிப் பக்கம், சில வருடம் முன்பு. வெளியிலிருந்து வந்த ஒரு இளம் கலைஞர், நல்ல பிள்ளை, ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் சம்மணம் கட்டி இருந்து அவர் புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி இழைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார்வோலையை நனைத்து, ஈர்க்கைக் கழித்து, அளவுக்கு வார்ந்து, அம்மாவின் விரல் பார்க்காமலே ஓடியது. மொழிபெயர்க்கும் பெடியனிடம் அந்தக் கலைஞர் சொன்னார்: கொஞ்சம் ஒழுங்கில்லாமல், நடுவில் அறுந்த மாதிரி, உடைந்த வாழ்க்கையைக் காட்டுகிற மாதிரி இழைக்க முடியுமா? பெடியன் சுருக்கிச் சொன்னான். அம்மா இழைப்பை நிற்பாட்டி என்னைப் பார்த்தார். "பிழையா இழைக்கச் சொல்லுறாவோ தம்பி?" ஓம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "என்ர கை அப்பிடிப் போகாது. அவவை இருந்து பழகச் சொல்லு, அவ இழைச்சா அப்பிடித்தான் வரும்." எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கலைஞர் அதைப் பிடித்துக்கொண்டார். மூன்று நாள் இருந்து பழகினார். கடைசியில் இரண்டு பெட்டி பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டது, அம்மாவின் ஒழுங்கான பெட்டி, அவருடைய கோணல் பெட்டி. உடைந்த வாழ்க்கை என்று யாரும் எழுதவில்லை. அந்தப் பட்டறையில் உருப்படியாக வந்தது அது ஒன்றுதான்.

இரத்தம் காட்டாமல் இழப்பைச் சொன்னவர் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். தாமோதரம்பிள்ளை சனாதனன் 2004இல் யாழ் நூலகத்தில், 1981இல் எரிந்து திரும்பக் கட்டின அதே நூலகத்தில், சனங்கள் வீட்டிலிருந்து கொடுத்த சின்னச் சின்னச் சாமான்களை அடுக்கி, அந்த இடத்தையே படைப்பாக்கும் ஒரு இன்ஸ்டலேஷன் செய்தார். 2011இல் வந்த அவருடைய 'முடிவுறாத் தோம்பு' என்ற வேலையில், இடம்பெயர்ந்தவர்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: உங்கள் வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து கீறித் தாருங்கள். கோணல்மாணலாக அவர்கள் கீறிக்கொடுத்தது, அதைக் கட்டடக் கலைஞர் அளவோடு வரைந்தது, அதற்குச் சனாதனனின் சித்திரம், மூன்றும் சேர்ந்து ஒரு காணிப் பதிவேடு போல. கிணறு எங்கே, சாமியறை எங்கே, மாமரம் எங்கே. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவருக்கும் அது விளங்கும், ஏனென்றால் அவருக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். உங்கள் எட்டுப் பேரிடமும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பங்கர் வந்தால் வரட்டும். கோழிக்கூடு வந்தாலும் வரட்டும்.

இப்போது காசு. நாட்கூலி வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அடுப்பு எரியவேண்டும். ஆனால் கூலிக்கு மேலே இரண்டு விசயம். ஒன்று, காட்சிக் கட்டணம். கனடாவில் கலைஞர்கள் 1968இல் கார்ஃபாக் என்ற சங்கம் அமைத்துப் போராடி, 1975இல் பொதுக் கலைக்கூடங்கள் காட்சிக்கு வைப்பதற்கே கலைஞருக்குப் பணம் தரவேண்டும் என்பதை நடைமுறையாக்கினார்கள். உலகத்திலேயே முதல் நாடு. ஆகவே வைத்துக் காட்டுவதே பெருமை, காசு எதற்கு என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். ரொறன்ரோவில் உங்களுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் இருக்காது, அவர்களுடைய நாட்டுக் கதைதான். இரண்டு, விற்பனை. கலைக்கூடம் ஊடாக விற்றால் வழக்கமாகப் பாதி அவர்களுக்கு. மீதிப் பாதி யார் யாருக்கு எவ்வளவு என்று இப்போதே எழுதவேண்டும். இழைக்கும்போது எடுக்கிற வீடியோவும் இதற்குள் வரும். வீடியோவைப் படைப்பாக ஐந்தோ ஆறோ பிரதி என்று எண்ணி விற்பார்கள். உங்கள் கைகளைப் படம் பிடித்து அது தனிப் படைப்பாக விலைபோனால் அதில் உங்களுக்குப் பங்கு இருக்கவேண்டும்.

என் கதை இதுதான். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஐரோப்பியக் கலைஞரோடு சேர்ந்து கிடுகு வேலி ஒன்று செய்தேன். இருபது கிடுகு. ஒவ்வொன்றிலும் இடம்பெயரும்போது விட்டுவந்த ஒரு பொருளின் பெயரைக் எழுதினேன்: அம்மி, தையல் மெசின், மூத்தவளின் சைக்கிள். கண்காட்சிப் படம் வந்தது, நல்ல வெளிச்சம், நல்ல சுவர். சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் அவருடைய பெயர், கீழே 'உள்ளூர் மக்களின் ஒத்துழைப்புடன்'. உள்ளூர் மக்கள் நான்தான். சரி என்று விட்டேன். கண்காட்சி முடிந்து இரண்டு மாதத்தில் ஒரு மின்னஞ்சல்: திருப்பி அனுப்பும் செலவை ஏற்பதாக ஏழு நாளுக்குள் அறிவிக்காவிட்டால் பொருள் அகற்றப்படும். மகளின் கலியாண அலுவலில் நான் அதைத் திறந்தது ஒன்பதாம் நாள். "கிடுகு தானே, திரும்பப் பின்னலாம்" என்றா மனைவி. பின்னலாம்தான். நான் பின்னவில்லை.

அதனால் திரும்பி வரும் செலவு அழைக்கிறவருடையது என்று ஒரு வரி, கட்டாயம். போகிறதா வருகிறதா என்பதற்குள் நிறைய அலுவல் உண்டு. ஓலை, பனஞ்சிலாகை எல்லாம் தாவரப் பொருள், பயிர்ப் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கக்கூடும். மரப்பெட்டியில் அடைத்தால் அந்தப் பலகை வெப்பமூட்டிப் பூச்சி நீக்கி முத்திரை குத்தியதாக இருக்கவேண்டும், ஊர்த் தச்சர் அடித்த பெட்டி துறைமுகத்தில் நின்றுவிடும். பெரிய அருங்காட்சியகங்கள் ஓலையை உள்ளே எடுக்க முன் பூச்சி சாகச் சில நாள் உறைகுளிரில் வைப்பதுண்டு. காயாத ஓலையென்றால் அதற்கு முன்பே பூஞ்சணம் பிடித்துவிடும், ஆகவே மாரியில் இழைத்து அனுப்பவேண்டாம். விற்காமல் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவர 'ஏற்றா கார்னே' என்று ஒரு சுங்கப் புத்தகம் உண்டு, ஒரு வருடம் செல்லும், தீர்வை இல்லை. காப்புறுதி உங்கள் வீட்டு வாசலில் தொடங்கித் திரும்ப உங்கள் வாசலில் முடியவேண்டும்.

நீங்களும் போகவேண்டும் என்று கேளுங்கள். ஒருவராவது, முடிந்தால் இழைப்பவர்களில் ஒருவரும் சேர்த்து. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆகக் கடைசி 15 நாள் முன், ஆனால் அதை நம்பி இருக்கவேண்டாம். கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் போய்வர வேண்டும், ஒரு பத்திரம் குறைந்தால் திரும்பவும் அதே பஸ். அழைப்புக் கடிதத்தில் செலவை யார் ஏற்கிறார் என்று தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அப்படியும் விசா மறுக்கப்படுவதுண்டு. அது உங்கள் குற்றம் இல்லை, அந்தச் செலவையும் அவர்கள் ஏற்கவேண்டும் என்று எழுதிவையுங்கள்.

இவ்வளவு கேட்டால் அவர் ஓடிவிடுவாரோ என்று பயப்படுவீர்கள். ஓடினால் ஓடட்டும் என்று சொல்ல எனக்கு வயது இருக்கிறது, உங்களுக்கு அப்படி இல்லை, விளங்குகிறது. ஆனால் கூட்டு வேலைக்கு அவசரம் பகை. இந்த நாட்டில் நடந்த கூட்டு வேலைகளில் நான் மிகவும் மதிப்பது 'ஓராண்டு வரைதல்'. ஜகத் வீரசிங்க, சந்திரகுப்த தேனுவர, முஹனட் காதர், சனாதனன், நான்கு பேரும் ஒருவர் வரைந்ததை மற்றவருக்குத் தபாலில் அனுப்பினார்கள். பெற்றவர் அதற்குப் பதிலாக இன்னொன்று வரைந்து அடுத்தவருக்கு அனுப்பினார். 2005 மேயில் தொடங்கி ஒரு வருடத்தில் முடிக்கவேண்டியது, 2007 ஒக்ரோபர்வரை போனது. இடையில் 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டு, யாழ்ப்பாணம் தனித்தீவு மாதிரிக் கிடந்தது. மொத்தம் 208 சித்திரம். 2008இல் ஷர்மினி பெரேராவின் பதிப்பகம் அதைப் புத்தகமாக்கியது. சிங்களவர், தமிழர், முஸ்லிம் சேர்ந்து சமாதானம் வரைந்தார்கள் என்று அதன்மேல் யாரும் பட்டை கட்டவில்லை. ஒருவர் கீறிய கோட்டுக்கு மற்றவர் கோட்டால் மறுமொழி சொன்னார், சில வேளை மறுத்தும் சொன்னார்.

உங்கள் கலைஞரிடமும் இதைத்தான் முதலில் கேட்பேன். பெரிய பங்கருக்கு முன் ஆறு மாதம் சின்னச் சின்னதாக மாற்றிக்கொள்வோம். நாங்கள் ஒரு சாண் இழைத்து அனுப்புகிறோம், நீங்கள் உங்கள் ஊர்ப் பொருளால் ஒன்று செய்து அனுப்புங்கள். அவருக்கு உண்மையில் ஆர்வம் இருந்தால் இது பிடிக்கும்.

அவர் போனாலும் பாதை மூடாது. கொச்சி-முசிறிஸ் பினாலே 2012 டிசெம்பர் 12 முதல் நடக்கிறது, தொடங்கியவர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு கேரளக் கலைஞர்கள். பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து ரயில் ஏறினால் போய்ச் சேரலாம். டாக்கா ஆர்ட் சமிட் 2012இலிருந்து, கொழும்பில் கொழும்புஸ்கோப் 2013இலிருந்து. கொழும்பின் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் 2019 டிசெம்பரில் திறந்தது. அங்கே சுவர்ச் சீட்டு மூன்று மொழியிலும் இருக்கும், தமிழ் கடைசியில் ஒட்டவைத்த மாதிரி இருக்காது. முதலில் அங்கே போய் ஒரு நாள் நின்று பாருங்கள். ஜேர்மனிச் சீட்டிலும் உங்கள் பெயர்கள் தமிழிலும் இருக்கவேண்டும் என்று கேட்க அது துணிவு தரும்.

அந்தக் கலைஞருக்கு மறுமொழி எழுத முன் ஒரு வேலை இருக்கிறது. அவருடைய திட்டத்தைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு, எட்டுப் பேரும் ஓலை வார இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய் வாசித்துக் காட்டுங்கள். சுருக்காமல், மண் பகுதியையும் சேர்த்து. அவர்கள் சொல்வதைச் சொன்ன மாதிரியே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எனக்கு ஒருக்கால் எழுதுங்கள், கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம்.